மேல்வீட்டு விருந்தாளி

நேசமலருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் படுக்கை விரிப்புதான். அமெரிக்காவில் ஃப்ரீமான்ட் ஊரில் இருக்கிற மற்றத் தமிழ்ச் சனத்துக்கு அன்று சேர்ச் இருக்கும், கோயில் இருக்கும், யாராவது வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாள் பார்ட்டி இருக்கும். அவளுக்கு நாலு வீட்டுக் கட்டில்களிலிருந்தும் உரித்தெடுத்த வெள்ளை விரிப்புகள். அவற்றைக் காரின் பின்பக்கம் அடைத்து, கதவைத் தோளால் முட்டிச் சாத்தி, ஒரு மணி நேரம் ஃப்ரீவேயில் வந்து கராஜில் கொட்டினால் குவியல் இடுப்பளவு நிற்கும். திங்கள், செவ்வாய், புதன் மூன்றும் அந்தக் குவியலுக்கே சரி. வியாழன் பின்னேரம் மௌரி அவென்யூக் கடையில் தேங்காயும் கறிவேப்பிலையும் வாங்க வேண்டும். வெள்ளி வந்தால் திரும்பவும் அதே ஃப்ரீவே. இதற்கு நடுவில், பகல் முழுக்க ஒரு ஆஸ்பத்திரி லேபில் ஊரார் இரத்தத்தைச் சோதிக்கிற உத்தியோகம் வேறு.

இத்தனைக்கும் அவள் ஒரு விடுமுறை வீட்டின் சொந்தக்காரி. மற்றவர்கள் களைப்பாற வருகிற இடம் அது.

வீடு இருப்பது கில்ராய் ஊருக்கு மேற்கே, மலை ஏறுகிற ரோட்டில், பாழாய்ப் போன ஒரு திராட்சைத் தோட்டத்துக்கு நடுவில். இத்தாலியில் டஸ்கனிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் எந்தக் காலத்திலோ கட்டிய பண்ணை வீடு. கீழே கல், மேலே செம்மரம். எண்பத்தொன்பதாம் ஆண்டுப் பூகம்பத்தில் புகைபோக்கி முறிந்து கூரையில் விழுந்தது. கூரை மேல்மாடியில் விழுந்தது. அந்தக் குடும்பத்துப் பேரப்பிள்ளைகள் ஒருமுறை வந்து பார்த்தார்கள், இனி ஆகாது என்று கையைக் கழுவிக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் நேசமலரின் கணவர் நவரத்தினம் அந்த ரோட்டால் போனார்.

நவரத்தினம் எஞ்சினியர். பூகம்பத்துக்குப் பிறகு பழைய கட்டடங்களுக்கு இரும்பு வைத்து இறுக்கிப் பலப்படுத்துவதுதான் அவருடைய கம்பனிக்கு வேலை. தெருவில் நொண்டுகிற நாயைக் கண்டால் வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள் அல்லவா, இவருக்கு இடிந்த சுவரைக் கண்டால் அப்படி. மானிப்பாயில் அவருடைய அப்பா கட்டின வீடு சண்டையில் ஷெல் விழுந்து கூரை இல்லாமல் நிற்பதால்தான் மனுஷன் இங்கே இதைப் பிடித்துக்கொண்டு கட்டுகிறார் என்று டொரொண்டோ உறவினர்கள் உருகிப் பேசுவார்கள். நேசமலர் அதை ஒரு நாளும் நம்பியதில்லை. மலிவாகக் கிடைக்கிற உடைசல் எதையும் விட்டுவிட்டு வர அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான் என்பாள்.

தொண்ணூற்றொன்றில் வாங்கினார்கள். நாலு வருஷம், கிடைத்த சனி ஞாயிறெல்லாம் அங்கேதான். சுவருக்கும் மரத்துக்கும் நடுவில் இரும்பு பூட்டுவது அவர் வேலை. விழுந்த புகைபோக்கியின் செங்கல்களைத் திரும்பப் பாவிக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்ததால், ஒவ்வொரு கல்லிலும் ஒட்டிக் கிடந்த பழைய சாந்தை உளியால் சுரண்டி எடுப்பது அவள் வேலை. முற்றத்தில் ஒரு பழைய வைன் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதில் இருந்துகொண்டு சுரண்டுவாள். தலையில் துணி, மூக்கில் துணி, மடியில் கல். மகள் துவாரகா பக்கத்தில் ஹோம்வேர்க் செய்துகொண்டு, "திஸ் இஸ் நாட் நார்மல், அம்மா" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். வலது மணிக்கட்டு அந்த வருஷங்களில் போனதுதான், பிறகு சரிவரவில்லை.

மேல்மாடிக்குக் கூரை போட்டு முடித்த அன்று மழை. மேலே புதுப் பலகை வாசம். மேற்கு ஜன்னலில் மலை தெரிந்தது, அதற்குக் கீழே இலையில்லாத அப்ரிகொட் மரம். நேசமலர் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் கால் நீட்டி இருந்தவள், எழும்ப முயன்று முடியாமல் அப்படியே இருந்துவிட்டாள். நவரத்தினம் வந்து பக்கத்தில் குந்தினார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"மலர், இந்த மேல்வீடு உமக்கு. கீழை மூண்டையும் வாடகைக்கு விடுவம், இதை விடுறேல்லை. சனி ஞாயிறிலை நீர் இஞ்சை வந்து படுத்தெழும்பும்."

ஆம்பிளைகள் இப்படி ஏதாவது சொல்வார்கள், சொல்லிவிட்டு மறந்தும் போவார்கள். ஆனால் அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஜன்னல் சட்டத்துக்கு வானநீலப் பெயின்ட் அவள் தெரிவு செய்தது. திரைச்சீலை அவள் தைத்தது. கட்டிலை எந்தப் பக்கம் போட்டால் கண் விழித்ததும் மலை தெரியும் என்று, தரையில் மூன்று இடத்தில் படுத்துப் பார்த்துத்தான் போட்டாள். உட்சுவரில் பூசாமல் விட்ட செங்கல்கள் எல்லாம் அவள் மடியில் இருந்து போனவை.

தொண்ணூற்றைந்து வசந்தத்தில் வாடகைக்குத் திறந்தார்கள். டஸ்கன் பண்ணை வீடு, ஒவ்வொன்றுக்கும் தனிச் சமையலறை, வேண்டியதைச் சமைத்துச் சாப்பிடலாம் என்று நவரத்தினம் பேப்பரில் விளம்பரம் போட்டார். அவர் டஸ்கனியைப் படத்தில்கூடச் சரியாகப் பார்த்தவர் அல்ல. கட்டினவன் அங்கேயிருந்து வந்தவன்தானே, அது போதும் என்றார். புருஷன் பெண்சாதி இருவரும் தங்களுக்குள்ளே வீடுகளைக் குதிரைவீடு, அடுப்புவீடு, கூடத்துவீடு, மேல்வீடு என்று சொல்லிக்கொண்டார்கள். குதிரை கட்டின இடம் முதலாவது. மற்றதெல்லாம் கேட்டாலே விளங்கும்.

முதல் வெள்ளிக்கிழமை கீழ் மூன்றும் நிரம்பிவிட்டன. பொழுதுபடுகிற நேரம், கொட்டுகிற மழையில், விளம்பரத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு வெள்ளைக்காரச் சோடி வந்து நின்றது. நவரத்தினம் நேசமலரைப் பார்த்தார். "இண்டைக்கு மட்டும்" என்றார். அவள் மேலே ஓடிப்போய்த் தன்னுடைய தலையணையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அந்த "இண்டைக்கு மட்டும்" ஐந்து வருஷம் நீண்டது. அவர்கள் இருவரும் படுத்தது பின்பக்கத்துச் சின்ன அறையில், சுடுதண்ணித் தாங்கிக்குப் பக்கத்தில், மடக்குக் கட்டிலில்.

அன்றைக்கே இன்னொரு பிழையும் நடந்தது. அதை நேசமலர் தன் வாயாலேயே செய்தாள்.

நனைந்து வந்த சோடியைப் பார்த்து அவள், "ஹாவ் யூ ஈட்டன்?" என்று கேட்டாள். அவள் பிறந்து வளர்ந்த இடத்தில், வாசலில் வந்த யாரையும் பார்த்துக் கேட்கிற கேள்வி அது. கேட்டவருக்கும் தெரியும், கேட்கப்பட்டவருக்கும் தெரியும்: வயிறு காய்ந்து கிடந்தாலும், "ஓம், இப்பத்தான் சாப்பிட்டிட்டு வாறம்" என்று சொல்ல வேண்டும். கேட்டவர் மூன்று தரம் வற்புறுத்தின பிறகுதான் கை கழுவப் போக வேண்டும். அமெரிக்கனுக்கு இதெல்லாம் தெரியுமா? அவன் கேள்வியைக் கேள்வியாகவே எடுத்தான். இல்லை, மத்தியானத்திலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, பசியில் சாகிறோம் என்றான். கேட்டுவிட்ட பிறகு என்ன செய்வது? தங்களுக்கு என்று ஆக்கி வைத்த சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் கறி, தேங்காய்ச் சம்பல் எல்லாம் மேலே போனது. புருஷனும் பெண்சாதியும் பாண் ரொட்டியும் தண்ணியும் சாப்பிட்டுப் படுத்தார்கள்.

அந்தச் சோடியில் பெண் யாரோ பேப்பருக்கு எழுதுகிறவளாம். ஊர்ப் பேப்பரில் கால்பக்கம் வந்தது. கல்லைப் பற்றி இரண்டு வரி, மலையைப் பற்றி இரண்டு வரி, மிச்சமெல்லாம் வந்திறங்கியதும் வீட்டுக்கார அம்மா கொடுக்கிற சாப்பாட்டைப் பற்றி. அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் அந்தச் சாப்பாட்டுக்காகவே வந்தார்கள். தனிச் சமையலறையில் ஒரு அடுப்பாவது மூண்டதா என்றால் இல்லை. கோப்பி போடுவார்கள், அவ்வளவுதான். டஸ்கன் வீட்டில் இத்தாலிச் சாப்பாடு கிடைக்கும் என்று வந்தவன்கூடச் சம்பலை வழித்துத் துடைத்துவிட்டு, எப்படிச் செய்வது என்று கேட்பான். தன் கையாலேயே தன் கழுத்தில் சுருக்கைப் போட்டுக்கொண்டது நேசமலருக்குத் தெரியும். ஆனாலும் அடுத்த வெள்ளிக்கிழமை கார் வந்து நின்று யாராவது இறங்கினால், அந்தக் கேள்வி அவளைக் கேட்காமலேயே வாயிலிருந்து வந்துவிடும்.

தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பதில் கம்ப்யூட்டர் கம்பனிக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். சான் ஹொசேயிலிருந்து இடுப்பில் பேஜரோடு வருவார்கள், இரண்டு நாள் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பார்கள், போகும்போது, இங்கே எவ்வளவு அமைதி, நீங்கள் எவ்வளவு கொடுத்துவைத்தவர் என்று வாளியும் துடைப்பமுமாக நிற்கிறவளிடம் சொல்வார்கள். அவளும் "தாங்க்யூ" என்பாள். வேறு என்ன சொல்வது? கோடை லீவில் டொரொண்டோச் சொந்தங்கள் வேன் பிடித்து வருவார்கள். அவர்கள் புக் பண்ணுவதில்லை, நேரே வந்து இறங்குவதுதான். அவர்களிடமும் அவள் அதே கேள்வியைக் கேட்பாள். அவர்கள் முறைப்படி, "ஓம், சாப்பிட்டிட்டுத்தான் வந்தனாங்கள்" என்பார்கள். அவர்களுக்கும் ஆக்கத்தான் வேண்டும்.

மேல்வீட்டை ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். இந்த ஈஸ்டர் மட்டும் விடுங்கோ, நான் இரண்டு நாள் மேலே படுக்கிறேன் என்றாள். ஓம், ஓம் என்றார். பிறகு யாரோ பழைய விருந்தாளி, போன வருஷமும் அந்த அறையில் தங்கினவர், போனில் கெஞ்சிவிட்டார். இன்னொருமுறை கேட்டாள்; இன்னொருவர் கெஞ்சினார். லொஸ் ஏஞ்சலிஸில் படிக்கப் போன துவாரகாவிடம் போனில் சொன்னால், "ஜஸ்ட் ஸே நோ, அம்மா" என்றாள். சொல்வது சுலபம். அந்தச் சொல் நேசமலருக்கு எந்தப் பாஷையிலும் வராது.

இரண்டாயிரமாம் ஆண்டு ஓகஸ்ட்டில், கில்ராயிலிருந்து உள்ளிப்பூடு வாசம் காற்றில் வந்து விரிப்புகளில் எல்லாம் ஏறுகிற நாட்களில், அவளுக்குப் படியேறும்போது மூச்சு முட்டத் தொடங்கியது. மேல்வீட்டுப் படியில் பாதியில் நின்று, யாரோ கூப்பிட்டது போல் வெளியே பார்ப்பாள். லேபில் அவளோடு வேலை செய்கிற ஸ்வர்ணா கவனித்துவிட்டாள். மெட்ராஸ் பெண், வாய் ஓயாது, கை சுத்தம். ஒருநாள் சாப்பாட்டு நேரம் நேசமலரைக் கதிரையில் இருத்தி, கையில் ரப்பர் கட்டி, தானே இரத்தம் எடுத்தாள். ரிசல்ட்டைப் பார்த்துவிட்டுச் சத்தம் போடவில்லை. அதுதான் நேசமலருக்குப் பயமாக இருந்தது.

"அக்கா, இந்த ஹீமோகுளோபின் வேற யாருக்காவது வந்திருந்தா நீங்க உடனே டாக்டருக்கு போன் பண்ணியிருப்பீங்க" என்றாள். பிறகு, "கடைசியா எப்ப வெகேஷன் எடுத்தீங்க?" என்று கேட்டாள்.

நேசமலர் யோசித்தாள். வெகேஷன் என்ற சொல்லை அவள் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை போனில் சொல்கிறாள். தனக்கு எப்போது என்று யோசித்தால் ஒன்றும் வரவில்லை.

"ஊரே லீவுக்கு உங்க வீட்டுக்கு வருது. நீங்க எங்கக்கா போவீங்க?" என்றாள் ஸ்வர்ணா.

டாக்டர் இரும்புச்சத்துக் குளிசை தந்தார், ஓய்வு எடுக்கச் சொன்னார். அன்று பின்னேரம் அவள் வீட்டுக்கு வந்தபோது, சாப்பாட்டு மேசை முழுக்க நவரத்தினம் பிளான் பேப்பரை விரித்து வைத்திருந்தார். பண்ணை வீட்டுக்குப் பின்னால் வைன் பீப்பா வைத்திருந்த கொட்டில் ஒன்று சரிந்து நின்றது. அதை நிமிர்த்தினால் இன்னும் மூன்று வீடு எடுக்கலாம். ஒக்டோபரில் தொடங்கினால் அடுத்த கோடைக்குத் திறக்கலாம். அவருக்கு அறுபது வயது கிட்டிக்கொண்டிருந்தது, ஆனால் பென்சிலைப் பிடித்தால் முகத்தில் இருபது வயது குறைந்துவிடும். "ஏழு வீடாகும்" என்றார். நீர் லேபை விட்டுவிட்டு அங்கேயே நின்று பார்க்கலாம் என்றும் சொன்னார், ஏதோ சலுகை தருகிற மாதிரி.

ஏழு வீடு. ஏழு வீட்டு விரிப்பு. நேசமலர் பிளானை மடிக்காமல், அதன் ஓரத்தில் ஒரு கோப்பைக்கு இடம் பண்ணி, குளிசையைப் போட்டுத் தண்ணி குடித்தாள். இரத்தத்தைப் பற்றி அவரிடம் சொன்னாள். ஐயோ, பீட்ரூட் சாப்பிடும் என்றார், உண்மையான கவலையோடுதான். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் கரைச்சல். கெட்டவர் என்றால் எப்போதோ சண்டை பிடித்து முடித்திருக்கலாம்.

அடுத்த நாள் லேபில் அவள் ஸ்வர்ணாவிடம் ஒரு உதவி கேட்டாள். ஸ்வர்ணா முதலில் சிரித்தாள், பிறகு இவள் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்தினாள்.

அன்று பின்னேரம் நவரத்தினம் வீட்டில் இருக்கிற நேரம் பார்த்து ஸ்வர்ணா போன் பண்ணினாள். ஒக்டோபர் முதல் கிழமை, வெள்ளியிலிருந்து ஞாயிறு வரை, மேல்வீடு வேண்டும். ஒரே ஒரு ஆள். களைப்பாற வருகிறார், சத்தம் வேண்டாம். நவரத்தினம் போனை வைத்துவிட்டு, ஒரு ஆள்தானாம், சுகமான கேஸ் என்றார்.

அந்த ஒக்டோபர் கிழமை வந்தது; வியாழன் பின்னேரம் நேசமலர் மௌரி அவென்யூக்குப் போகவில்லை. கதிரையில் இருந்தபடி, நாளைக்கு நான் வரவில்லை என்றாள். நவரத்தினம் சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு கால் கழற்றினபடியே நிமிர்ந்தார்.

"நீர் வராட்டி ஆர் சமைக்கிறது? நாலு வீட்டுக்கும் ஆக்கள் வருவினமெல்லே?"

"சாப்பாடு இல்லையெண்டு சொல்லுங்கோ. விளம்பரத்திலை சாப்பாடு எண்டு போடேல்லைத்தானே."

அவர் வாதாடவில்லை. அவள் முகத்தில் ஏதோ இருந்திருக்க வேண்டும். விரிப்பெல்லாம் மடித்து வைத்திருக்கிறேன், குளியலறைக்கு நீல மூடிப் போத்தல், தரைக்கு மஞ்சள் மூடிப் போத்தல் என்று மட்டும் சொன்னாள். மேல்வீட்டு ஆளுக்குத் தலையணை இரண்டு வையுங்கோ என்றும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை ஸ்வர்ணா அரை நாள் லீவு எடுத்தாள். "நானே டிராப் பண்றேன்க்கா" என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். நேசமலர் ஒரு சின்னப் பெட்டியில் இரண்டு உடுப்பும் பைபிளும் குளிசைப் போத்தலும் வைத்தாள். சட்டி இல்லை, தேங்காய் இல்லை, துடைப்பம் இல்லை. ஃப்ரீவேயில் தான் ஓட்டாமல் பக்கத்து சீட்டில் இருந்து பார்த்தால் மலை இவ்வளவு நேரம் கூடவே வரும் என்று அவளுக்குத் தெரியாது. வழியில் சாப்பிடலாமா என்று ஸ்வர்ணா கேட்டதற்கு, வேண்டாம், நான் சாப்பிட்டேன் என்றாள். சாப்பிடவில்லை. பழக்கம்.

கார் முற்றத்தில் வந்து நின்றபோது பின்னேரம் நாலு மணி இருக்கும். நவரத்தினம் வாசலுக்கு வந்தார். விருந்தாளியை வரவேற்கிற சிரிப்பு முகத்தில் தயாராக இருந்தது. கால்சட்டை முழங்கால் இரண்டும் நனைந்து, கையில் ரப்பர் உறை, நெற்றியில் வேர்வை. காரிலிருந்து இறங்கின ஆளைக் கண்டதும் சிரிப்பு அப்படியே நின்றது. பெட்டியைப் பார்த்தார், ஸ்வர்ணாவைப் பார்த்தார். ஸ்வர்ணா, "ஹலோ அங்கிள்" என்றுவிட்டு, காரைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவ்வளவு வாய் உள்ள பெண் அன்று அதற்குமேல் ஒன்றும் பேசாமல் போனதே பெரிய உதவி.

"என்ன இது, மலர்?"

"மேல்வீடு புக் பண்ணியிருக்கிறன். திறப்பைத் தாங்கோ."

அவர் முதலில் பகிடி என்று நினைத்தார். பிறகு, மற்ற மூன்று வீட்டு ஆட்கள் இன்னும் வரவில்லை, நல்ல நேரத்துக்கு வந்தீர், வந்து கொஞ்சம் கை கொடும் என்று சொல்லப் போனவர், சொல்லாமல் நிறுத்தினார். அவள் கையை நீட்டியபடி நின்றாள். ரப்பர் உறையைக் கழற்றி, சட்டைப் பையிலிருந்து மேல்வீட்டுக் கதவின் திறப்பை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். வாசலில் வந்து நிற்கிற ஆளிடம் அந்த வீட்டில் எப்போதும் என்ன கேட்கப்படுமோ, அதைக் கேட்டார்.

"சாப்பிட்டீரோ?"

ஐம்பத்து நாலு வயது வரைக்கும், யார் கேட்டாலும், "ஓம்" என்று சொல்லிப் பழகின வாய் அது. மாமியார் வீட்டில் "ஓம்", பிரசவம் முடிந்து படுத்திருந்தபோது "ஓம்", முற்றத்தில் கல் சுரண்டிய நாளெல்லாம் "ஓம்". இப்போதும் அந்தச் சொல் வாய்க்கு வந்தது. நேசமலர் அதை விழுங்கினாள்.

"இல்லை" என்றாள். "பசிக்குது."

சொல்லிவிட்டு மேலே போனாள். பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கினாள், இந்தமுறை வெளியே பார்க்கிற மாதிரி நடிக்காமல்.

அறை அவள் விட்டபடியேதான் இருந்தது, ஆனால் விரிப்பின் மூலைகள் உருண்டை உருண்டையாகத் துருத்திக்கொண்டு நின்றன. அவர் கைவேலை. எடுத்துச் சரிசெய்யக் கை போனது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் இருந்தாள். பிறகு படுத்தாள். மலை தெரிந்தது, அப்ரிகொட் மரத்தில் மஞ்சள் இலை நின்றது. கட்டிலைத் தான் சரியான இடத்தில்தான் போட்டிருப்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. நவரத்தினம் தட்டத்தில் முட்டைப் பொரியலும் வாட்டின பாணும் கொண்டுவந்தார். பாண் ஒரு பக்கம் கரி. அவள் எழும்பி இருந்து ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டாள். அவர் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கீழே கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டதும் தட்டத்தை வாங்கிக்கொண்டு இறங்கி ஓடினார்.

களைப்பாறுவதும் ஒரு வேலை என்று நேசமலர் அந்தப் பின்னேரம் கண்டுபிடித்தாள். மேல்வீட்டின் சுவருக்குள்ளால் தண்ணிக் குழாய் போகிறது. கீழே யார் குளித்தாலும், யார் கழிப்பறைக்குப் போனாலும் தலைமாட்டில் கேட்கிறது. இத்தனை வருஷம் தங்கிப் போன ஒருவராவது இதைச் சொன்னதில்லை. சாப்பாட்டுக்கு மரியாதை போலும். குதிரைவீட்டில் பல்பு எரியவில்லை என்று யாரோ சொல்கிற சத்தம். நவரத்தினம் ஏணியை இழுக்கிற சத்தம். கூடத்துவீட்டு ஆட்கள் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள். அவர், இன்று வீட்டுக்கார அம்மாவுக்கு விடுமுறை என்று ஆங்கிலத்தில் சொன்னார். இறங்கிப் போய்விடலாமா என்று அவள் கால் இரண்டு தடவை தரையில் பட்டது. அவர்மேல் பாவமாக இருந்தது, அதைவிடக் கோபமாக இருந்தது, எல்லாவற்றையும்விடக் களைப்பாக இருந்தது. களைப்புத்தான் வென்றது. கால்களைத் திரும்பக் கட்டிலுக்கு எடுத்தாள்.

சனிக்கிழமை தூங்கினாள். எழும்பினாள், அவர் வைத்துவிட்டுப் போன கஞ்சியைக் குடித்தாள், திரும்பவும் தூங்கினாள். ஒரு தடவை விழித்தபோது ஏன் என்று தெரியாமல் அழுகை வந்தது. அடக்காமல் அழுதாள்.

ஞாயிறு பதினொரு மணிக்கு வீடு விட வேண்டும் என்பது வாசலில் ஆங்கிலத்தில் எழுதி ஒட்டியிருக்கிற விதி. கீழ்வீடுகள் மூன்றும் காலியாகிப் போன சத்தம் கேட்டது. அதற்குப் பிறகும் வெகுநேரம் கழித்துத்தான் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. நவரத்தினம் கையில் அழுக்கு விரிப்புக் குவியலோடு நின்றார். இரண்டு நாள் சவரம் செய்யாத முகம். இடுப்பை நிமிர்த்த முடியாமல் ஒரு பக்கம் சரிந்து நின்றார்.

"நேரமாச்சு, மலர். நாளைக்கு மேல்வீட்டுக்கு ஆக்கள் வருகினம். கிழமை முழுக்க நிப்பினமாம்" என்றார்.

"அவைக்கு வீடு இல்லையெண்டு சொல்லுங்கோ. நான் போகேல்லை."

அவர் குவியலை மற்றக் கைக்கு மாற்றினார்.

"களைச்சுப் போனன்" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "எனக்குக் கொட்டில் வேண்டாம். ஏழு வீடு என்னாலை ஏலாது, நாலும் ஏலாது. இது ஒண்டு வேணும். தாறனெண்டு நீங்கள்தான் சொன்னனீங்கள். நான் கேட்கேல்லை."

"ஓம்" என்றார் நவரத்தினம். "சொன்னனான்."

அவர் கொட்டிலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. விரிப்புக் குவியலை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே வந்து, கட்டிலின் மற்றப் பக்கத்தில், கலையாத விரிப்பின்மேல், சப்பாத்தோடு மெல்ல முதுகைச் சரித்தார். எலும்பெல்லாம் சத்தம் போட்டது. இப்படி ஒரு கிழமை செய்தால் மனுஷன் செத்துப்போவான், நீர் எப்படி இத்தனை வருஷம் என்று தொடங்கினார். முடிக்கவில்லை. அவள் திரும்பிப் பார்த்தபோது அவர் வாய் திறந்து தூங்கிப்போயிருந்தார்.

அவருடைய சப்பாத்தைக் கழற்றிவிட வேண்டும் என்று நேசமலருக்குப் பட்டது. கழற்றவில்லை. தலைமாட்டில் இருந்த திறப்பை எடுத்து, கைப்பையில் இருந்த வளையத்தில் ஃப்ரீமான்ட் வீட்டுத் திறப்புக்குப் பக்கத்தில் கோர்த்தாள். பிறகு தானும் படுத்துக்கொண்டாள்.

கீழே போன் அடித்தது. அடித்து ஓய்ந்ததும், பதில் சொல்கிற மெஷின் எடுத்தது. அதில் பேசினது அவளேதான், ஐந்து வருஷத்துக்கு முந்திய அவள். வணக்கம், எங்கள் பண்ணை வீட்டுக்கு அழைத்ததற்கு நன்றி, நீங்கள் எப்போது வந்தாலும் எங்களுக்குச் சந்தோஷம் என்று பழகின ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போனாள். அந்தக் குரலில் களைப்பே இல்லை. யாரோ ஒருவர் நன்றி சொல்லிவிட்டு, நத்தார்ப் பண்டிகைக்கு மேல்வீடு கிடைக்குமா, அந்தச் சாப்பாடும் உண்டா என்று கேட்டு நம்பர் சொன்னார்.

நேசமலர் முழுவதையும் கேட்டாள். பிறகு மலையைப் பார்த்தபடி திரும்பிப் படுத்தாள்.